பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேலைக்குப் போகிறவர். காலை ஏழரை மணிக்குள் சமையலை முடித்து, நான்காம் வகுப்புப் படிக்கும் பையனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் தானும் கிளம்ப வேண்டும். வீட்டில் மாமனாருக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருக்கின்றன. இவருக்கு முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. மாதச் சாமான் வாங்கும்போது பையனுக்குச் சாக்லேட் ஃப்ளேக்ஸ், மாமனாருக்கு மசாலா ஓட்ஸ், தனக்குத் தேனும் பாதாமும் போட்ட மியூஸ்லி என்று மூன்று வாங்குகிறார். "மூன்றிலும் நல்லது என்றுதான் போட்டிருக்கிறது மேடம். ஒன்றில் பத்து வைட்டமின் என்கிறார்கள், ஒன்றில் நார்ச்சத்து அதிகம் என்கிறார்கள், இன்னொன்றில் இதயத்துக்கு நல்லது என்கிறார்கள். எதை நம்புவது? எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று வாங்க முடியாதா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வாங்கலாம். சர்க்கரை, உப்பு, மசாலா எதுவும் சேராத ரோல்டு ஓட்ஸ் ஒரு பாக்கெட் உங்கள் வீட்டில் மூவருக்கும் பொதுவாக இருக்க முடியும். அவரவர் கிண்ணத்தில் அதோடு என்ன சேர்கிறது என்பதுதான் மாறும். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த மாதம் வேறொரு பெட்டி வேறொரு வாக்குறுதியோடு வரும்போது மறுபடியும் குழம்ப வேண்டியிருக்கும். அதனால் பெட்டியை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழகிவிட்டால் ஒரு பெட்டிக்கு அரை நிமிடம் போதும்.

முன்பக்கம் முழுக்க விளம்பரம். அங்கே பொய் எழுதினால் சட்டம் பிடிக்கும் என்பதால் பெரும்பாலும் உண்மையைத்தான் எழுதுவார்கள். எந்த உண்மை சாதகமோ அதை மட்டும் எழுதுவார்கள். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியில் இருந்தால் அது உண்மை. மக்காச்சோளத்தில் என்றைக்குமே கொலஸ்ட்ரால் இருந்ததில்லை. தாவரங்களிலிருந்து வரும் எந்த உணவிலும் சொல்லும்படியாக இருக்காது. 'மல்டிகிரெய்ன்' என்று போட்டிருந்தால் பல தானியங்கள் இருக்கும், சரி. எது எவ்வளவு, தவிட்டோடா தவிடு நீக்கியா என்பது அந்தச் சொல்லில் இல்லை.

சில சொற்களுக்கு மட்டும் பின்னால் ஒரு எண் நிற்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, திட உணவில் 'நார்ச்சத்து உள்ளது' என்று போட 100 கிராமுக்கு 3 கிராமாவது இருக்க வேண்டும். 'நார்ச்சத்து அதிகம்' என்று போட 6 கிராமாவது வேண்டும். 'சர்க்கரை குறைவு' என்றால் 100 கிராமில் 5 கிராமைத் தாண்டக் கூடாது. இப்படி எண்ணுக்குக் கட்டுப்பட்ட சொற்களுக்கு மதிப்புக் கொடுங்கள். 'சுறுசுறுப்பான காலை', 'இயற்கையின் நலம்', 'வளரும் பிள்ளைகளுக்கு' போன்றவற்றுக்குப் பின்னால் அப்படி எந்த எண்ணும் இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய வணிகத் தளங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது நினைவிருக்கலாம். பாலில் கலக்கும் மால்ட் பவுடர் வகைகளை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்றது. காரணம் எளிது: நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. எத்தனை வருடங்களாக அந்தப் பெயரைச் சொல்லியே நம் பிள்ளைகளுக்குக் கலக்கிக் கொடுத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி பெட்டியைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் இரண்டு விஷயங்கள் கட்டாயம் இருக்கும்: சேர்மானப் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை. முதலில் சேர்மானப் பட்டியல். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும், பிறகு இறங்குவரிசையில் மற்றவை. முன்பக்கத்தில் படம் போட்டோ பெயர் சொல்லியோ ஒரு பொருளை முன்னிறுத்தினால், அது எத்தனை சதவீதம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தேன் பாதாம் மல்டிகிரெய்ன் ஃப்ளேக்ஸ் என்ற வகையில் வழக்கமாகக் காணும் பட்டியலை மாதிரிக்கு எழுதிப் பார்ப்போம். மக்காச்சோளக் குருணை, சர்க்கரை, கோதுமை மாவு, கேழ்வரகு மாவு 4%, பாதாம் 2.5%, தேன் 1.5%, மால்ட் எக்ஸ்ட்ராக்ட், உப்பு, வைட்டமின்கள், தாதுக்கள். முன்பக்கத்தில் பாதாம் தட்டு நிறைய இருக்கும், மேலே தேன் வழியும். கணக்குப் போடுங்கள். 30 கிராம் ஃப்ளேக்ஸில் 2.5% பாதாம் என்றால் முக்கால் கிராம். ஒரு முழுப் பாதாம் ஒரு கிராமுக்குச் சற்று மேல் எடை இருக்கும். ஆக, ஒரு கிண்ணத்துக்கு ஒரு பாதாம்கூடத் தேறாது. தேன் அரை கிராமுக்கும் குறைவு, சில சொட்டுகள். பட்டியலில் இரண்டாவதாக நிற்பது சர்க்கரை. கேழ்வரகுக்காக இதை வாங்கியவர் மக்காச்சோளமும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போகிறார்.

முதல் மூன்று பெயர்களைப் பார்ப்பதே போதும் என்று சொல்வேன். அந்த மூன்றில் சர்க்கரை இருந்தால் பெட்டியை வைத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை உண்டு. சர்க்கரையை ஒரே பெயரில் போடாமல் லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், தேன், வெல்லம், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று நான்கைந்தாகப் பிரித்துச் சேர்க்கும்போது ஒவ்வொன்றும் எடையில் குறைந்து பட்டியலின் கீழே போய்விடும். கூட்டினால் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். வெல்லமும் தேனும் நல்லவை, சர்க்கரைதான் கெட்டது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. ரத்தத்தில் போய்ச் சேரும்போது மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையின் கணக்கில் தேனையும் பாகையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

அடுத்து அட்டவணை. அதில் '100 கிராமுக்கு' என்ற பத்தியை மட்டும் பாருங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தி ஒப்பிட உதவாது; ஒரு நிறுவனம் 30 கிராம் என்று வைத்திருக்கும், இன்னொன்று 40 என்று வைத்திருக்கும். 100 கிராம் பத்தியில் மூன்று வரிகள் போதும். சேர்த்த சர்க்கரை, நார்ச்சத்து, சோடியம்.

சேர்த்த சர்க்கரை 5 கிராமுக்குள் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். 10 வரை இருந்தால் எப்போதாவது வாங்கலாம். 15ஐத் தாண்டினால் நான் அதைக் காலை உணவாகவே எண்ண மாட்டேன். பிஸ்கட், கேக் வரிசையில் வைப்பேன். மொத்தச் சர்க்கரையில் 22.5 கிராமைத் தாண்டினாலே பிரிட்டனில் அதற்குச் சிவப்பு அடையாளம். நம் கடைகளில் பிள்ளைகளுக்கான சாக்லேட் வகைகளில் 25, 30 என்ற எண்கள் சாதாரணம். நார்ச்சத்து 6 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். சோடியம் மில்லிகிராமில் இருக்கும். இரண்டரையால் பெருக்கினால் உப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு மொத்தமே 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன்.

பக்கத்தில் '% ஆர்டிஏ' என்று ஒரு பத்தி இருக்கும். அது 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கான கணக்கு. அதில் சேர்த்த சர்க்கரைக்கு நூறு சதவீதம் என்பது 50 கிராம். ஒரு பரிமாறலில் 9 கிராம் சர்க்கரை இருந்தால் 18% என்று காட்டும், பார்க்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் சர்க்கரையை மொத்தக் கலோரியில் 5 சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்று 2015இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அது பெரியவருக்கு 25 கிராம், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சுமார் 20 கிராம். அந்தப் பிள்ளைக்கு 9 கிராம் என்பது பாதி நாள் கணக்கு.

இந்த இடத்தில் ஒன்று செய்து பார்க்கச் சொல்வேன். சமையலறைத் தராசு இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கடையிலாவது நிறுத்துப் பாருங்கள். தினமும் சாப்பிடும் கிண்ணத்தில் வழக்கம்போலக் கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டி நிறுங்கள். ஒரு பெரிய டம்ளர் அளவு கார்ன்ஃப்ளேக்ஸ் 30 கிராம்தான் வரும், ஏனென்றால் அது காற்றடைத்த பொருள். அதே டம்ளரில் மியூஸ்லியைக் கொட்டினால் 80 கிராமுக்கு மேல் போகும். தேனும் எண்ணெயும் சேர்த்து வறுத்த கிரனோலா 100 கிராமைத் தொடும். கண்ணுக்கு மூன்றும் ஒரே கிண்ணம். கலோரியில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். எடை குறைக்க மியூஸ்லிக்கு மாறியவர்களுக்கு எடை குறையாமல் போவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம் இதுதான். உங்கள் எடையும் இங்கேதான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

பாலோடு சேர்த்துக் காட்டும் எண்களையும் கவனியுங்கள். 'பாலோடு சாப்பிட்டால் இவ்வளவு புரதம், இவ்வளவு கால்சியம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். 30 கிராம் கார்ன்ஃப்ளேக்ஸில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம் புரதம். மீதி பாலில் இருந்து வருவது. அந்தப் பாலை இட்லிக்குப் பிறகு குடித்தாலும் அதே புரதம் கிடைக்கும். பிரிட்டனில் இது நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம். சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைக் கடையில் முன்வரிசையில் வைக்கக் கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தபோது, தானிய உணவைப் பாலோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று கெல்லாக்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2022 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பெட்டிக்குள் இருப்பதைத்தான் கணக்கெடுக்க வேண்டும் என்பது நியாயமான தீர்ப்பு. நாமும் கடையில் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் பையன். சாக்லேட் ஃப்ளேக்ஸை அவன் அளந்து போட்டுக்கொள்ள மாட்டான். 50 கிராமாவது விழும். 100 கிராமில் 28 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் அந்தக் கிண்ணத்தில் 14 கிராம், மூன்றரை டீஸ்பூன். பாலில் மால்ட் பவுடரோ சர்க்கரையோ கலந்தால் பள்ளி வேன் வருவதற்கு முன்பே அவனுடைய நாள் கணக்கு முடிந்துவிடும். பத்தரை மணிக்கு மறுபடியும் பசிக்கும், இடைவேளையில் பிஸ்கட் தேடுவான். பத்து வைட்டமின் சேர்த்திருப்பது உண்மைதான், அவை வீணும் இல்லை; இரும்புச்சத்து குறைவாக உள்ள நம் பிள்ளைகளுக்கு அது ஓரளவு உதவும். ஆனால் அந்த வைட்டமினுக்காக இவ்வளவு சர்க்கரையைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. முருங்கைக்கீரையும் முட்டையும் நிலக்கடலையும் நம் ஊரில் கிடைக்கின்றன.

ஒரேயடியாக நிறுத்தினால் பையன் அழுவான், இரண்டாவது நாள் நீங்கள் பெட்டியைத் திரும்ப எடுத்துவிடுவீர்கள். அதனால் படிப்படியாகச் செய்யுங்கள். முதல் வாரம் முக்கால் பங்கு சாக்லேட் ஃப்ளேக்ஸ், கால் பங்கு சர்க்கரை சேர்க்காத சாதா ஃப்ளேக்ஸ் அல்லது அவல். அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த வாரம் கால் பங்கு. நான்காவது வாரம் சாக்லேட் பெட்டி ஞாயிற்றுக்கிழமை மாலைத் தின்பண்டமாகட்டும். அவனுக்கு வேண்டியது சாக்லேட் சுவைதான் என்றால், பாலில் வேகவைத்த ஓட்ஸில் நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்து, சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர் அரை டீஸ்பூன் கலந்து கொடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். சிறிய பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை: ஐந்து வயதுக்குள் இருந்தால் முழுப் பருப்புகள் கிடக்கும் மியூஸ்லியைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள்.

காலையில் பெட்டி உணவே வேண்டுமா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்கின்றன. தானியத்தில் குறையும் லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. சாம்பாரில் காய் வருகிறது. தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் சாப்பிடும் சாக்லேட் ஃப்ளேக்ஸைவிட அந்தத் தட்டு எத்தனையோ மடங்கு மேல். குளிர்சாதனப் பெட்டியில் இட்லி மாவு இருக்கிற நாளில் பெட்டியைத் திறக்கத் தேவையே இல்லை. ஆனால் நான்கு இட்லிக்கு வெறும் தேங்காய்ச் சட்னியும் ஒரு கரண்டிச் சாம்பாரும் என்றால் அதிலும் மாவுச்சத்துதான் மிஞ்சும். சாம்பாரைத் தாராளமாக ஊற்றுங்கள், இட்லியை ஒன்று குறையுங்கள்.

உங்கள் மியூஸ்லிக்கு வருகிறேன். மியூஸ்லி கெட்ட உணவு இல்லை. 1900 வாக்கில் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிர்ஷர் பென்னர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லியில் ஓட்ஸ் கொஞ்சம்தான், துருவிய ஆப்பிள்தான் அதிகம். இன்று பெட்டியில் வருவதில் பழம் என்ற பெயரில் சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளித் துண்டுகளும் இனிப்புச் சேர்த்த கிரான்பெரியும் இருக்கின்றன. உலர்திராட்சையின் இனிப்பு அதனுடையது. அதைக் கணக்கில் பெரிதாகக் கொள்ள வேண்டாம். அதனால்தான் மொத்தச் சர்க்கரையைவிடச் 'சேர்த்த சர்க்கரை' வரியைப் பார்க்கச் சொன்னேன். 'ஹை புரோட்டீன்' மியூஸ்லிக்குக் கூடுதல் பணம் கொடுக்க அவசியம் இல்லை. அதில் 40 கிராமில் கிடைக்கும் 8 கிராம் புரதம் ஒரு முட்டையிலும் சிறு கைப்பிடிச் சுண்டலிலும் கிடைத்துவிடும்.

வீட்டிலேயே கலந்துவிடுங்கள். அரைக் கிலோ ரோல்டு ஓட்ஸை அடி கனமான வாணலியில் எண்ணெய் இல்லாமல் மணம் வரும்வரை வறுத்து ஆறவிட்டு, வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலை 100 கிராம், பூசணி விதை அல்லது வெள்ளரி விதை 50 கிராம், வறுத்த எள் இரண்டு மேசைக்கரண்டி, உலர்திராட்சை 50 கிராம் சேர்த்தால் முடிந்தது. காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் தாங்கும். ஒருமுறை மட்டும் 40 கிராம் நிறுத்து, அது எந்தக் கிண்ணத்தில் எந்த இடம்வரை வருகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். தயிரோடு சாப்பிட்டால் பாலைவிட நன்றாகப் பசி தாங்கும் என்பது என் அனுபவம்.

மாமனார் விஷயத்தில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஓட்ஸ் என்பது ஒரே பொருள்தான் என்றாலும் எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் மாறும். 2008இல் வெளியான சர்வதேச கிளைசெமிக் அட்டவணையில் ரோல்டு ஓட்ஸ் கஞ்சிக்கு 55, இன்ஸ்டன்ட் ஓட்ஸ் கஞ்சிக்கு 79, கார்ன்ஃப்ளேக்ஸுக்கு 81. குளுக்கோஸை 100 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஆக, இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும் ஓட்ஸ், சர்க்கரை ஏறும் வேகத்தில் கார்ன்ஃப்ளேக்ஸுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. மசாலா ஓட்ஸில் இதோடு உப்பும் சேர்கிறது. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துக்கொண்டால் 40 கிராம் பாக்கெட்டில் 320. ஒரு பாக்கெட் வயிறு நிறையாது, இரண்டு போடுவோம். 640, நாள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு காலையிலேயே போயிற்று. ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு 'இதயத்துக்கு நல்லது' என்ற எழுத்தை நம்பி இதைக் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சாதா ஓட்ஸில் சோடியம் ஏறத்தாழ இல்லை. கேரட், பீன்ஸ், ஒரு கைப்பிடி ஊறிய பாசிப்பருப்பு, இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை போட்டு நீங்களே வேகவைத்தால் உப்பு உங்கள் கையில் இருக்கும்.

இதயத்துக்கு நல்லது என்ற கூற்றில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவோடு சேர்ந்த உண்மை. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து, நாளைக்கு 3 கிராம் உள்ளே போனால் கெட்ட கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கும். அதை வைத்துத்தான் 1997இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கூற்றை அனுமதித்தது. 3 கிராம் கிடைக்கச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். பத்துச் சதவீதம் ஓட்ஸ் கலந்த பிஸ்கட்டிலும் ஃப்ளேக்ஸிலும் இது நடக்காது. பார்லியிலும் இதே நார்ச்சத்து உண்டு, அதையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கும். அதை ஒரு வாரம் இதற்குப் பயன்படுத்துங்கள். ஒரு நாள் மசாலா ஓட்ஸ், ஒரு நாள் காய்கறி போட்ட ரோல்டு ஓட்ஸ், ஒரு நாள் இரண்டு இட்லி நிறையச் சாம்பார், ஒரு நாள் கேழ்வரகு. சாப்பிடும் முன்பு ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்த்து எழுதிவையுங்கள். எந்தப் பெட்டியின் எந்த வாசகத்தைவிடவும் அவருடைய ரத்தம் சொல்லும் பதில் அவருக்குச் சரியானது. அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். எண்கள் நன்றாக வந்தாலும் அவர் சொல்லாமல் மாத்திரையைக் குறைக்க வேண்டாம்.

கேழ்வரகு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடைகளில் சிறுதானிய ஃப்ளேக்ஸும் சத்துமாவும் குவிந்துவிட்டன. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் சிறு பங்குகூடக் கிடையாது. நார்ச்சத்தும் பல மடங்கு. ஆனால் நைசாக அரைத்துக் கூழாக்கிக் குடிக்கும்போது சர்க்கரை ஏறும் வேகம் கூடிவிடும். சிறுதானியம் என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்று டம்ளர் டம்ளராகக் கஞ்சி குடித்துவிட்டு, எண் ஏன் ஏறியது என்று கேட்பவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அடையாக, களியாக, உடைத்த ரவையில் உப்புமாவாகச் செய்தால் நல்லது. கடையில் வாங்கும் சத்துமாவில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது சர்க்கரை என்ற வரியில் பெரும்பாலும் வராது, மாவுச்சத்துக் கணக்கில் ஒளிந்துகொள்ளும். ரத்தத்தில் குளுக்கோஸ் மாதிரியே ஏறும். சத்துமாவை வீட்டில் திரிப்பதானால் மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்ற அளவை விடாதீர்கள். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி வறுத்துச் சேர்த்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

ஓட்ஸுக்கும் சிறுதானியத்துக்கும் புதிதாக மாறுகிறவர்கள் முதல் வாரமே அளவைக் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும். கொஞ்சமாகத் தொடங்கி, தண்ணீரையும் கூட்டிக்கொள்ளுங்கள். காலை உணவோடு காபி, டீ வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அவை தடையாக இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் ஓட்ஸ், சிறுதானியம், பருப்பு கலந்த சத்துமாவு எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அவற்றிலுள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் அவர்களுக்கு ஆகாமல் போகலாம்.

இந்த மாதச் சாமான் பட்டியலில் மூன்று பெட்டிகளையும் அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ரோல்டு ஓட்ஸ் ஒன்றரைக் கிலோ, சிவப்பு அவல் ஒரு கிலோ, நிலக்கடலை அரைக் கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, கேழ்வரகு ஒரு கிலோ. சிவப்பு அவலைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்து, பாலோ தயிரோ ஊற்றி, வாழைப்பழமும் வறுத்த கடலையும் போட்டால் அடுப்பே இல்லாமல் ஒரு காலை உணவு தயார். ஏழரை மணி அவசரத்துக்கு இதைவிடச் சுலபமானது எந்தப் பெட்டியிலும் கிடையாது. பில் வந்ததும் போன மாதப் பில்லோடு வைத்துப் பாருங்கள். மூன்று பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பாலும் மிச்சமே இருக்கும்.